படம் கிடைத்துவிட்டது, ஆண்டு எங்கே?

இன்றைய உரை ஒரே ஒரு சிக்கலைப் பற்றியது. இஸ்லாமியக் கலையையும் கட்டடக்கலையையும் படிக்க விரும்புகிறவர் படங்களை எங்கே தேடுவது? தேடிக் கிடைத்ததை எந்த அளவுக்கு நம்புவது?

படத்துக்கா பஞ்சம் என்று கேட்கத் தோன்றும். கைபேசியில் நாலு எழுத்து தட்டினால் போதும், கொட்டுகிறது. சூரியன் மறையும் வேளையில் இஸ்தான்புல்லின் நீல மசூதி. விளக்கொளியில் அபுதாபியின் ஷேக் ஸாயித் மசூதி. பனி மூடிய தாஜ்மஹால். மீண்டும் நீல மசூதி. ஆயிரத்து நானூறு ஆண்டுகள், ஸ்பெயினிலிருந்து இந்தோனேசியா வரை பரந்த ஒரு கலையுலகம், பத்துக் கட்டடங்களுக்குள் சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு இப்போது கணினியே வரைந்த பள்ளிவாசல்களும் நடுவில் புகுந்துகொள்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் பிரமாதம். சுவரில் உள்ள அரபு எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது எழுத்தே அல்ல, வெறும் கிறுக்கல்.

அந்தக் குவியலில் ஒரு படத்தை எடுத்து மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எப்போது எடுத்தது? யார் எடுத்தது? எங்கே நின்று எடுத்தது? பெரும்பாலும் பதில் வராது. பதில் சொல்லாத படம் காலண்டருக்கு ஆகும், படிப்புக்கு ஆகாது.

ஆண்டு தெரியாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்கலாம். முழுகத்தான் முழுகும். கெய்ரோவுக்குப் போவோம்.

பழைய கெய்ரோவின் வடக்கு மதிலை ஒட்டி அல்-ஹாக்கிம் பள்ளிவாசல் இருக்கிறது. ஃபாத்திமி கலீபாக்கள் காலத்தில், 990-இல் தொடங்கி 1013-இல் முடித்த கட்டடம். இன்று அதைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? கண்ணைப் பறிக்கும் வெள்ளைச் சலவைக்கல் முற்றம், துடைத்து வைத்தாற்போன்ற வளைவுகள், தொழும் திசையைக் காட்டும் பளபளக்கும் மிஹ்ராப் மாடம். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஃபாத்திமிகள் இப்படித்தான் கட்டினார்கள் போலும் என்று ஒரு மாணவர் குறிப்பெழுதிக்கொள்வார். எழுதியது அத்தனையும் தப்பு. அந்தச் சலவைக்கல் 1980-ஐச் சேர்ந்தது. ஃபாத்திமி மரபைத் தம் மரபாகப் போற்றும் தாவூதி போரா சமூகத்தார், இந்தியாவிலிருந்து சென்று, இடிந்து கிடந்த பள்ளிவாசலை எடுத்துக் கட்டினார்கள். அதற்கு முன் அதே கட்டடம் என்னவெல்லாமோ ஆகியிருந்தது. நெப்போலியனின் படைக்குக் கோட்டையாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதன் முற்றத்தில்தான் கெய்ரோவின் அரபுக் கலை அருங்காட்சியகம் இருந்தது. 1903-இல்தான் அது சொந்தக் கட்டடத்துக்குப் போனது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் வெறும் செங்கல் தூண்களும், சரிந்த வளைவுகளும், மண்தரையும்தான் தெரியும். ஃபாத்திமிக் கொத்தனாரின் கைவேலையைப் படிக்க வேண்டுமானால் அந்த அழுக்குப் படங்கள்தான் வேண்டும். அழகான படம் இங்கே வழிமாற்றிவிடும்.

இது கெய்ரோவுக்கு மட்டும் வந்த கதையா? ஸ்பெயினின் கிரானடாவில் உள்ள அல்ஹம்பிரா அரண்மனையில், உலகமே அறிந்த சிங்க முற்றத்தின் கிழக்குப் பக்கம் ஒரு சிறு மண்டபம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பல புகைப்படங்களில் அதன் தலையில் வண்ண ஓடு பதித்த ஒரு குவிமாடம் உட்கார்ந்திருக்கும். அரண்மனையை எழுப்பிய நஸ்ரி சுல்தான்கள் அப்படி ஒன்றைக் கட்டவே இல்லை. புதுப்பிப்பு வேலையைக் கவனித்த ரஃபாயேல் கொன்ட்ரேராஸ் என்பவர், கீழைநாட்டுக் கட்டடம் என்றால் குவிமாடம் இருந்தாக வேண்டும் என்ற நினைப்பில், 1859-இல் அதை ஏற்றிவைத்தார். பின்னால் வந்த கட்டடக்கலைஞர் தோரெஸ் பால்பாஸ் 1934-இல் அதை இறக்கிவிட்டுச் சாய்ந்த ஓட்டுக்கூரையைப் போட்டார். ஊரில் சண்டையே நடந்தது. பழகிய குவிமாடத்தைக் காணோமே என்று பலருக்குக் கோபம். ஆக, சிங்க முற்றத்தின் படத்தில் அந்தக் குவிமாடம் தெரிந்தால் அது 1859-க்கும் 1934-க்கும் இடையில் எடுத்தது. அடிக்குறிப்பு இல்லாவிட்டாலும் கட்டடமே தேதியைச் சொல்லிவிடுகிறது.

தாஜ்மஹாலும் அப்படித்தான். 1850-களில் ஆக்ராவில் மருத்துவராக இருந்த ஜான் மரே எடுத்த படங்களில் தோட்டம் மரங்களால் அடர்ந்து கிடக்கும். இன்று நாம் பார்க்கும் திறந்த புல்வெளி ஆங்கிலேய வைஸ்ராய் கர்சன் காலத்து ரசனை. அதைப் பார்த்து முகலாயத் தோட்டக்கலையை அளப்பவர் ஆங்கிலேயப் புல்தரையை அளந்துகொண்டிருக்கிறார்.

சரி, பழைய படங்கள்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அவை எங்கே இருக்கின்றன? யார் எடுத்தார்கள்?

பிரான்சைச் சேர்ந்த ஜிரோ த பிராஞ்சே என்ற பணக்காரரிலிருந்து தொடங்கலாம். அல்ஹம்பிராவைப் படித்துப் புத்தகம் போட்டவர். 1842-இல் ஒரு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, 1845 வரை கிரீஸ், துருக்கி, எகிப்து, சிரியா, பாலஸ்தீனம் என்று சுற்றி, ஆயிரத்துக்கு அருகில் தகடுகளில் படம் பிடித்தார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டு அப்போது மூன்றே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கெய்ரோவின் மினாராக்களையும் டமாஸ்கஸின் வீதிகளையும் காட்டும் மிகப் பழைய புகைப்படங்கள் அவருடையவை. ஊர் திரும்பியவர் அவற்றைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். 1892-இல் இறந்தார். 1920-களில்தான் அவருடைய பாழடைந்த வீட்டின் சாமான் அறையில் பெட்டிகள் அகப்பட்டன. அவற்றைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. வெள்ளி பூசிய அந்தச் செப்புத் தகடுகளில் உருவம் பொதுவாகக் கண்ணாடியில் விழுவதுபோல் இடவலம் மாறி விழும். இடப்பக்கத்து மினாரா வலப்பக்கம் போய்விடும். படம் சரியாக நிற்கிறதா என்று அறிய, சுவரில் அரபு எழுத்து ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தால் போதும், எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஈரானுக்கு வந்தால் அன்டுவான் செவ்ருகின். தெஹ்ரானில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அரசவையிலிருந்து கடைத்தெரு வரை, மசூதியிலிருந்து மல்யுத்தக் கூடம் வரை ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்கள் அவரிடம் இருந்தன. 1908-இன் அரசியல் கொந்தளிப்பில் ஸ்டுடியோ நாசமாகி, மிஞ்சியது சுமார் இரண்டாயிரம். அதன்பின் ரிஸா ஷா ஆட்சியில், பழைய ஈரானைக் காட்டும் படங்கள் நாட்டுக்கு இழுக்கு என்று பறிமுதல் வேறு. கடைசியில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் ஆவணக்காப்பகத்தில் வந்து சேர்ந்தவை 696. ஏழாயிரத்தில் பத்தில் ஒன்றுகூட இல்லை! செவ்ருகின் படம் பிடித்த காஜார் அரசர் காலத்து ஈரானைப் படங்களைக் கொண்டு எழுதும் எவரும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

அரசர்களும் படம் எடுக்கச் சொன்னார்கள். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 51 ஆல்பங்களில் 1,819 படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினார். பிரிட்டனுக்கும் ஒரு தொகுதி போனது. அமெரிக்காவுக்குப் போனவற்றை இன்று யாரும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மசூதிகள் இருக்கின்றன, நீரூற்றுகள் இருக்கின்றன, சீருடையில் மாணவிகள், மருத்துவமனைகள், தீயணைப்புப் படை. எங்கள் நாடு பின்தங்கிய நாடல்ல என்று ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சொல்வதற்காகத் தொகுத்த ஆல்பம் அது. ஏழை வீடு ஒன்றை அதில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

பிறகு வருகிறார் கிரெஸ்வெல். முதல் உலகப் போரில் விமானப் படை அதிகாரியாக எகிப்துக்கு வந்த ஆங்கிலேயர், ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டார். மன்னர் ஃபுவாதின் ஆதரவு கிடைத்தது. டேப்பைப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் தானே அளந்தார், தானே படம் எடுத்தார். 1932-லும் 1940-லும் தொடக்ககால முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய பெரும் தொகுதிகள், 1952-லும் 1959-லும் எகிப்தைப் பற்றிய இரண்டு தொகுதிகள். அவர் எடுத்த படங்கள் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்திலும், லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், கெய்ரோவின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. அல்-ஹாக்கிம் பள்ளிவாசலின் பழைய கோலத்தைப் பார்க்க அங்கேதான் போக வேண்டும். அவர் பணியைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அவருடைய எகிப்துத் தொகுதிகள் 1326-உடன் நின்றுவிட்டன. உஸ்மானியர் காலத்துக் கெய்ரோ அவருக்கு ரசிக்கவில்லை. பல பத்தாண்டுகள் மாணவர்கள் அவர் தொகுப்பையே புரட்டியதால் அவர் திரும்பிப் பார்க்காத கட்டடங்களைத் தாங்களும் பார்க்காமல் விட்டார்கள். ஒரு மனிதரின் விருப்பு வெறுப்பு ஒரு துறையின் பாடத்திட்டமாகிவிட்ட கதை இது.

கட்டடம் நின்றுகொண்டிருக்கும்வரை படத்தில் தப்பிருந்தால் நேரில் போய்ச் சரிபார்க்கலாம். கட்டடமே போய்விட்டால்? அலெப்போவின் பெரிய பள்ளிவாசல் மினாரா 1090-களில் எழும்பியது, 2013 ஏப்ரலில் போரில் நொறுங்கி விழுந்தது. மோசுல் நகரின் நூரி பள்ளிவாசலும், கூன் விழுந்ததுபோல் சாய்ந்து நின்ற அதன் மினாராவும் 2017 ஜூனில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. மோசுலில் யுனெஸ்கோ முன்னின்று மீண்டும் கட்டியபோது, எந்தச் செங்கல் வரிசை எந்தக் கோலத்தில் போனது என்பதற்குப் பழைய படங்களையும் கேட்க வேண்டியிருந்தது. ஈராக்கையும் சிரியாவையும் குதிரையிலும் ஒட்டகத்திலும் சுற்றிய கெர்ட்ரூட் பெல் எடுத்த சுமார் ஏழாயிரம் படங்கள் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. உகைதிர் பாலைவனக் கோட்டையை 1909-இல் அவர் அளந்து படமெடுத்தார். கேமராவே போகாத இடங்களுக்கு வானம் கைகொடுக்கிறது. அமெரிக்கா 1995-இல் ரகசியம் நீக்கி வெளியிட்ட உளவு செயற்கைக்கோள் படங்களில் 1960-களின் மேற்காசியா அப்படியே இருக்கிறது. அணைகளும் நகரங்களும் பின்னால் விழுங்கிவிட்ட இடிபாடுகளை இன்று அவற்றில்தான் தேடுகிறார்கள்.

கட்டடத்தை விட்டு ஏட்டுக்கு வருவோம். அங்கே இன்னும் பெரிய கொடுமை நடந்திருக்கிறது.

1330-களில் மங்கோலிய அரசர்களுக்காகத் தப்ரீஸில் உருவான ஒரு ஷாநாமா, அதாவது பாரசீக அரசர் காவியத்தின் ஏடு. பாரிஸில் ஜார்ஜ் டெமோட் என்ற வியாபாரியின் கைக்கு 1910 வாக்கில் வந்தது. முழுப் புத்தகமாக விற்றால் கட்டுப்படியாகவில்லை. தாள் தாளாகப் பிரித்தார். ஒரே தாளின் இரு பக்கமும் ஓவியம் இருந்தால்? தாளையே இரண்டாக உரித்து, முன்பக்கத்தை ஒரு தாளாகவும் பின்பக்கத்தை இன்னொரு தாளாகவும் ஆக்கினார். உரித்ததில் கிழிந்ததை வேறு பக்கத்தின் எழுத்தோடு ஒட்டினார். இன்று எஞ்சியிருக்கும் ஐம்பத்தேழு ஓவியங்கள் உலகத்தின் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அதில் ஒன்றின் படத்தை எடுத்து, ஓவியத்துக்கு மேலே உள்ள செய்யுளைப் படித்து, இதைத்தான் ஓவியர் வரைந்திருக்கிறார் என்று விளக்கம் சொல்பவர் டெமோட்டின் பசையை நம்புகிறார்.

இன்னொன்று ஷா தஹ்மாஸ்பின் ஷாநாமா. 759 தாள்கள், 258 ஓவியங்கள், பாரசீக ஏட்டுக்கலையின் உச்சம். 1568-இல் உஸ்மானிய சுல்தானுக்குப் பரிசாகப் போனது. 1959-இல் ஆர்தர் ஹோட்டன் என்ற அமெரிக்கச் செல்வரிடம் வந்தது. அவரும் பிரித்தார். 78 ஓவியங்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு, பல ஏலத்துக்கு. மிஞ்சிய 118 ஓவியங்களை ஈரான் 1994-இல் வாங்கிக்கொண்டது. விலையாகக் கொடுத்தது டி கூனிங் வரைந்த ஒரு நவீன ஓவியம். 2011-இல் லண்டன் ஏலத்தில் ஒரே ஒரு தாள் எழுபது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. பின்னர் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 258 ஓவியங்களையும் ஒரே நூலில் அச்சிட்டது. உடைந்த புத்தகம் முழுதாகச் சேர்ந்திருப்பது இன்று படங்களாக மட்டும்தான்.

அதில் சுல்தான் முஹம்மது வரைந்த ஒரு பக்கம் கயூமர்ஸ் மன்னனின் அவை. சிறிய படமாகப் பார்த்தால் பொன் வானம், மலை, நடுவே சிறுத்தைத்தோல் உடுத்திய அரசன், சுற்றிலும் குடிகள், அவ்வளவுதான். பெரிதாக்கிப் பாருங்கள். ஊதாவும் நீலமும் பச்சையுமான பாறைகளுக்குள் முகங்கள் தெரியும். மனித முகம், விலங்கு முகம், ஒன்றின் தாடையிலிருந்து இன்னொன்றின் நெற்றி. தேடத்தேட வந்துகொண்டே இருக்கும். மட்டமான தரத்தில் இறக்கிய படத்தில் அவை வெறும் சாயத்திட்டு. கோப்பின் அளவு என்பது கணினிக்காரர் கவலை என்று ஒதுக்க முடியாது.

நுணுக்கப் படத்தின் அருமைக்கு இன்னொரு சாட்சி ஜெருசலேமில் இருக்கிறது. பாறைக் குவிமாடத்தைப் பாருங்கள். அதன் பொன் நிறம் உலகப் புகழ். ஆனால் 1950-களுக்கு முந்திய படங்களில் அந்தக் குவிமாடம் ஈயத்தகடு போர்த்திக் கறுத்துக் கிடக்கும். பொன்னிறம் 1960-களில் வந்தது, இப்போதைய தங்க முலாம் 1990-களில் மன்னர் ஹுசைனின் நன்கொடையில் ஏறியது. அதைவிடச் சுவையான செய்தி உள்ளே இருக்கிறது. வளைவுகளுக்கு மேலே, சுமார் 240 மீட்டர் நீளத்துக்குப் பொன் எழுத்துகள் ஓடுகின்றன. கட்டியவர் உமையா கலீபா அப்துல் மலிக். ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின் வந்த அப்பாஸிய கலீபா மஃமூன் அந்த எழுத்துகளில் இருந்த அவர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் பதித்தார். இடம் போதாமல் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பின்னணியின் நிறமும் ஒட்டவில்லை. ஆனால் ஆண்டை மாற்ற மறந்துபோனார்கள்! ஹிஜ்ரி 72 என்பது அப்படியே இருக்கிறது. மஃமூன் பிறப்பதற்கு முன்பே மஃமூன் கட்டிய கட்டடம்! அந்த ஒரு சாண் இடத்தின் தெளிவான படம் இல்லாதவர் இந்தத் திருட்டை எந்தக் காலத்தில் கண்டுபிடிப்பார்?

இனி, தேடும் வழிக்கு வருவோம். இந்தத் துறைக்கென்றே உள்ள இணையத் தொகுப்பு ஆர்க்நெட். ஆகா கான் அறக்கட்டளையும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் சேர்ந்து வளர்த்தது. கட்டடத்தின் பெயர், வேறு பெயர்கள், ஆண்டு, வரைபடம், பல கோணப் படங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் கிடைக்கும். வேறு பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். இஸ்ஃபஹானின் ஷா மசூதி 1979 புரட்சிக்குப் பின் இமாம் மசூதி ஆகிவிட்டது. ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதிப் படம்தான் வலையில் விழும். கலைப்பொருள் என்றால் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம். 2017 முதல் தன் தொகுப்பில் காப்புரிமை முடிந்தவற்றின் லட்சக்கணக்கான படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் 2020-இல் அதே வழியில் வந்தது. பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இஸ்லாமிய ஏடுகளை அட்டை முதல் அட்டை வரை புரட்டலாம். எல்லாரும் இப்படித் தாராளம் அல்ல. பார்க்கலாம், அச்சிடக் கூடாது என்பவை உண்டு. படத்தைச் சேமிக்கும்போதே உரிமைக் குறிப்பையும், பொருளின் பதிவு எண்ணையும், எடுத்தவர் பெயரையும் கூடவே எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

கடைசியாக நம் கரைக்கு வருவோம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்களைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். உள்ளே நுழைந்தால் கல்தூண், போதிகை, உத்தரம் எல்லாம் நம் சிற்பிகளின் கைவரிசை. உருவம் மட்டும் இருக்காது. அந்த இடத்தில் பூவும் கொடியும் கோலமும் இருக்கும். மெஹர்தாத் ஷொகூஹி என்ற ஆய்வாளர் மதுரை சுல்தானகத்தின் கட்டடங்களையும் இந்தக் கடற்கரைப் பள்ளிவாசல்களையும் அளந்து, வரைந்து, படம் பிடித்து 2003-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். எங்கிருந்தோ வந்து ஒருவர் செய்த வேலை. அதற்குப் பின் பல பள்ளிவாசல்களுக்குப் புது முகப்பும் உயரமான மினாராக்களும் வந்துவிட்டன. டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்துப் பழைய கல்லை மூடுகிற வேலையும் அங்கங்கே நடக்கிறது. தொழுகைக்கு இடம் போதவில்லை என்றால் ஜமாஅத்தார் கட்டத்தான் செய்வார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கட்டுவதற்கு முந்திய நாள் ஒருவர் போய்ப் படம் எடுத்தாரா என்பதுதான் கேள்வி.

கேமராவோடு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, இந்த வேலை உங்களுடையது. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் நிர்வாகிகளிடம் முறையாக அனுமதி கேளுங்கள். தொழுகை இல்லாத வேளையில் போங்கள். முழுக் கட்டடத்தை ஒரு படம், பிறகு ஒவ்வொரு தூண், ஒவ்வொரு போதிகை, மிஹ்ராப், கல்வெட்டு. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுங்கள். தேதி, ஊர், திசை, எடுத்தவர் பெயர் நான்கையும் தமிழில் எழுதுங்கள். ஒரு படியை ஜமாஅத்திடம் கொடுத்துவிட்டு, அவர்கள் சம்மதித்தால் இன்னொரு படியை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். வர்ணம் பூசும் ஆள் வருவதற்கு முன் போய்விடுங்கள்.